இயக்கப்பட்டது

அந்த ரொட்டித் தொழிற்சாலையில் எதையும் யாரும் உடைத்ததில்லை. எல்லாம் 'உடைக்கப்பட்டன'. மாவு கொட்டப்பட்டது, கதவு பூட்டப்படாமல் விடப்பட்டது. செய்தவன் மட்டும் மாயம். இந்த வித்தையை ஆங்கிலத்தில் செய்து கொடுப்பவளுக்கு அங்கே அறிக்கைக்காரி என்று பெயர்.

ஒருமுறை பயிற்சி வகுப்பு எடுக்க வந்த ஆங்கில ஆசிரியர், செயப்பாட்டு வினையைத் தவிருங்கள், செய்தவனை வாக்கியத்தின் தலையில் உட்கார வையுங்கள் என்று தொண்டை வறளப் பேசினார். "அவருக்கென்ன, பேசிட்டுப் போயிடுவாரு. ஆளச் சொன்னா ஆள் போயிடும்மா. நடந்தத மட்டும் சொல்லு" என்றார் மேனேஜர். அவளும் தலையாட்டினாள். நல்ல பிள்ளை.

மாவு பிசையும் மிக்ஸருக்குள் இறங்கித் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்காரர் செத்துப்போன அன்று, அதே மிக்ஸரை ஓட்டும் அவள் கணவன் வீட்டுக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்தான்.

"குனிஞ்சு பாத்திருக்கணும். பாக்காம ஸ்விட்சப் போட்டுட்டேன். யாரும் பாக்கல."

அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் எழுதினாள்: 'மிக்ஸர் இயக்கப்பட்டது.' மேனேஜர் அப்படியே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை கணவன் கண்ணில் படவில்லை. வைத்த டீ குடிக்கப்பட்டிருந்தது. கோபித்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் தட்டு கழுவப்பட்டிருந்தது, சட்டை துவைத்துக் காயப்போடப்பட்டிருந்தது. தொழிற்சாலையில் மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆளே இல்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

அன்று மாலை மகள் இரட்டைச் சடையோடு நின்றாள். அவளுக்குச் சடை பின்னிவிடுவது அப்பாவின் வேலை.

"அப்பா பின்னிவிட்டாரா?"

"யாரு?" என்றது குழந்தை. "பின்னியிருந்துச்சும்மா."

பிள்ளையின் வாயிலும் அவன் இல்லையா? கட்டில் தொட்டால் சூடாக இருந்தது. "ஏங்க" என்று வெறும் இடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். ஜன்னல் மெல்லச் சாத்தப்பட்டது. ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றுவதாக நினைத்து, இருக்கிற மனுஷனையே தன் கையால் துடைத்துப் போட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

விடிந்ததும் ஆபீசுக்கு ஓடி வாக்கியத்தை மாற்றி எழுதினாள். 'என் கணவர் மிக்ஸரை இயக்கினார்.' மேனேஜர் படித்துவிட்டுக் காகிதத்தை நான்காகக் கிழித்தார்.

"அவன் போட்டான்னு எழுதினா, உள்ள ஆள் இருக்கும்போது போட விட்டது யாருன்னு கேப்பாங்க. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பழைய அறிக்கையே மேல போயாச்சு."

அவரிடம் மல்லுக்கட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. சொல்ல வேண்டிய இடம் இது இல்லை என்றும் அப்போதுதான் புரிந்தது. செத்தவரின் வீட்டை விசாரித்துக்கொண்டு நடந்தாள். போகும் வழியெல்லாம் பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது. இரும்புக் கேட்டைத் தொடுவதற்கு முன்பே அது திறக்கப்பட்டது. பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும், வராமல் போய்விடுவானோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

துப்புரவுக்காரரின் மனைவி வாசலுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"கம்பெனியிலருந்தா? பேப்பர் வந்துச்சு. மெஷின் ஓடிருச்சாம். தானா எப்படிம்மா ஓடும்? எத்தனை பேர்கிட்ட கேட்டுட்டேன்."

"தானா ஓடல." என்றாள் அறிக்கைக்காரி. "என் வீட்டுக்காரர்தான் ஸ்விட்சப் போட்டாரு. குனிஞ்சு பாக்கல. அத மறைச்சு எழுதினது நான்."

அந்தப் பெண் கத்தவில்லை, அடிக்கவில்லை. அவள் பார்வை மெல்ல நகர்ந்து, அறிக்கைக்காரியின் தோளுக்குப் பின்னால் போய் நின்றது.

"அப்ப இவருதானா?"

திரும்பிப் பார்க்க அறிக்கைக்காரிக்குத் துணிவு வரவில்லை. கழுத்தில் மூச்சுக் காற்று பட்டது.

"நான்தாங்க" என்றது அவள் கணவனின் குரல்.