பித்தளைப் பலகையில் நான்கு விரல்

என் நாத்தனாரைத் தெருவில் எல்லோரும் தூசி என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கேலிக்கு வைத்த பெயர். எங்கள் பாலிஷ் பட்டறையில் லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சை அடிக்கும் நாளில் அவள் விடியற்காலையிலேயே எழுந்து அறையின் தரையை நனைத்து வைப்பாள். சன்னல்களை அடைப்பாள். தலையை ஈரத்துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "யாரும் உள்ள வராதீங்க. தும்மல் வர்றவங்க தெருமுனைக்குப் போயிடுங்க" என்பாள்.

அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், "என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாததுக்குக் காரணமே, வந்தவனெல்லாம் செருப்போட உள்ள வந்ததுதான்" என்பார்.

"செருப்பக் கழட்டினா போதுமா? சட்டையெல்லாம் தூசி" என்பாள் அவள்.

போகப்போக அந்தப் பெயரே எங்கள் பட்டறைக்கு முத்திரையாகிவிட்டது. பழைய அலமாரி விற்கிறவர்கள்கூட, "தூசி அடிச்சதுங்க, முகம் பாக்கலாம்" என்று சொல்லி விற்றார்கள்.

பட்டறையில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. பழைய பூச்சை எடுப்பது நான், புதிதாகப் பூசுவது அவள். "நான் ஆசையா உடுத்தி விடுறேன். அண்ணி வந்து உரிச்சுப் போட்டுடுறாங்க" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். "உரிச்சு வச்சாத்தானே உனக்கு உடுத்துற வேலை" என்பேன்.

உரிப்பது லேசான வேலை இல்லை. ஒரு பொருள் வந்ததும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பார்ப்பேன். பிசுபிசுத்தால் அரக்குப் பூச்சு. அதற்கு மசியாமல் தின்னர் பட்டதும் சுருங்கினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் சுரண்டியை எடுக்க வேண்டியதுதான். மரம் பூச்சைக் குடித்து வைத்திருக்கும். தின்னரில் நனைத்த பனியன் துணியால் மரத்தின் நரம்போடு இழுத்து இழுத்து எடுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் திட்டுத்திட்டாகிவிடும். இரும்பு விடாப்பிடிக்காரன். ஒரு பழைய இரும்புக் கதவைச் சுரண்டியபோதுதான் என் வலது நடுவிரல் நுனி கிழிந்தது. காயம் ஆறியும் ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு நின்றுவிட்டது.

பித்தளை எதையும் குடிக்காது. சலவைச் சோடா போட்ட கொதிநீரில் கிடத்தினால் பூச்சு தோல் மாதிரி கழன்று வரும். ஆனால் பூச்சு போன பித்தளை கை படுவதைப் பொறுக்காது. விரல் பட்ட இடத்தில் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அதன்மேல் லேக்கர் அடித்துவிட்டால், வியர்வை அடியிலேயே கிடந்து, ஒன்றிரண்டு மாதத்தில் கறுத்து எழும். மேலிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாது. அதனால் மெருகேற்றிய பித்தளையைப் பருத்திக் கையுறை போட்டுத்தான் தூக்குவோம். வெறுங்கை பட்டுவிட்டால் அந்த இடத்தை மறுபடி மெருகேற்றித் தின்னரால் துடைக்க வேண்டும்.

ஸ்பிரே கன்னைக் கையில் எடுக்கும் முன் தூசி ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பாள். "தொட்டீங்களா அண்ணி?" இருபது வருடமாக நான் சொன்ன பதில், இல்லை. இருபது வருடமும் அது உண்மையாக இருந்தது, ஒரு நாளைத் தவிர.

நூலகத்தின் வாசல் கதவும், அதன் பக்கத்துச் சுவரில் பதித்திருந்த பித்தளைப் பலகையும்தான் அவள் கடைசியாகச் செய்த வேலை. பலகையில் நூலகத்தின் பெயரும் கட்டிய ஆண்டும் வெட்டியிருக்கும். அது முடிந்த வாரத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே காய்ச்சல் வந்தது. ஒரே மருந்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நான் எழுந்து வந்தேன். அவள் எழவில்லை.

இரண்டு மாதம் கழித்து நூலகர் பட்டறைக்கு வந்தார். அந்த அம்மாள் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். "பலகையோட கீழ் மூலையில கறை கறையா வந்திருக்கும்மா. நாலு கறை. உள்கதவுங்களும் வாசிப்பு மேசைங்களும் உங்களுக்குத்தான் தர்றதா இருந்தோம். இப்ப மேல இருக்கறவங்க வேற ஆளப் பாருங்கன்னு சொல்றாங்க."

நாலு என்ற சொல்லைக் கேட்டதுமே கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். அவரோடு நடந்தேன்.

நூலக வாசலில் அளவுநாடாவோடு இன்னொருவர் நின்றிருந்தார். எங்களுக்குப் போட்டியாகப் பாலிஷ் கடை வைத்திருப்பவர். 'ரெண்டே நாளில்' என்று கடைப் பலகையில் எழுதி வைத்ததால் ஊருக்கே அவர் ரெண்டுநாள்காரர். கெட்ட மனிதர் இல்லை. என்னைப் பார்த்ததும் நாடாவைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டார்.

"தூசிக்குக் கடைசியில கை தடுமாறிடுச்சு போல, தங்கச்சி. உடம்பு முடியாத நேரத்துல செஞ்ச வேலை. நாம குத்தம் சொல்லக் கூடாது" என்றார்.

அந்த இரக்கம்தான் என்னைச் சுட்டது. அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். போனவளை எல்லோரும் மன்னித்திருப்பார்கள். அவள் செய்த ஆயிரம் வேலைக்கு மேல் அந்த மன்னிப்பு ஒரு படலமாகப் படிந்திருக்கும்.

குனிந்து பார்த்தேன். பலகை முழுவதும் கண்ணாடியாக இருந்தது. வாசலில் போகிறவர்களின் செருப்பு வார் வரை அதில் தெரிந்தது. கீழ் மூலையில் மட்டும் பழுப்பாக நான்கு விரல். ஒரு நுனியில், ரேகைக்குக் குறுக்கே, ஒரு கோடு.

"இது அவ கை இல்லண்ணே" என்றேன். "என் கை."

வலது கையை விரித்து அந்தக் கறைக்கு மேலே பிடித்தேன். ரெண்டுநாள்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். என் நடுவிரலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார்.

அன்று நடந்ததைச் சொன்னேன். தாங்கு கட்டையிலிருந்து பலகை வழுக்கியது. குழாயை மூடிவிட்டு வந்த என் வலது கையில் உறை இல்லை. விழாமல் பிடித்துவிட்டேன். தூசி அந்தப் பக்கம் திரும்பி கன்னில் லேக்கரை ஊற்றிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் தொடங்கியிருந்தது, காலையிலிருந்து இருமல் வேறு. திரும்பி, "தொட்டீங்களா அண்ணி?" என்று கேட்டாள். தொட்டேன் என்றால் மறுபடி மெருகேற்ற வேண்டும், இன்னும் இரண்டு மணி நேரம் அவள் நிற்க வேண்டும். இல்லை என்றேன். அவளுக்காகத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்கும் அன்று உடம்பு வலித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"அப்படின்னா தப்பு உங்க கடையோடதுதானே?" என்றார் நூலகர்.

"கடையோடதுதான். அவளோடது இல்ல."

"சரி. இனி யாரு பூசுவாங்க?"

"நான்" என்றேன். அந்த நிமிடம் வரை அப்படி ஓர் எண்ணம் எனக்கு இருந்ததில்லை.

ரெண்டுநாள்காரர் நிமிர்ந்தார். "நீங்க கன்னு பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சதில்ல. இருபது வருஷம் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்."

"பாத்தா வந்துடுமா, தங்கச்சி?"

"வரலேன்னா உரிச்சுக்குவேன். அது எனக்கு நல்லா வரும்."

நூலகர் சிரித்துவிட்டார். பலகையை முதலில் சரிசெய்து கொண்டுவரச் சொன்னார். மற்றதைப் பிறகு பேசலாம் என்றார்.

பலகையைக் கழற்றித் தூக்கி வர ரெண்டுநாள்காரரே ஒரு கை கொடுத்தார். உதவிக்கு வந்தாரா, வேடிக்கைக்கு வந்தாரா என்று நான் கேட்கவில்லை. நீளத் தொட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சோடாவைக் கரைத்து, பலகையை மெல்ல இறக்கினேன். சாதாரணமாகப் பூச்சு துணுக்குத் துணுக்காக உரிந்து மிதக்கும். ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தால் அப்படித்தான் கிழியும். கால் மணி நேரத்தில் ஓரம் ஒன்று எழும்பியது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். கிழியவில்லை. மூலையிலிருந்து மூலை வரை ஒரே தாளாக, தண்ணீர் நிறத்தில், வெட்டெழுத்துகளின் பள்ளங்களையும் தன்மேல் மேடாக ஏந்திக்கொண்டு, முழுசாகக் கழன்று வந்தது.

அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தோம். ரெண்டுநாள்காரர் ஓரத்திலிருந்து ஓரம் வரை விரலால் தடவிப் பார்த்தார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்" என்றார் பிறகு. "எங்கயும் தடிப்பு மாறல பாருங்க. காய்ச்சலோட அடிச்சிருக்கா."

"காய்ச்சலோடதான்."

"இத ஒருவாட்டி எங்க ஆளுங்களுக்குக் காட்டட்டுமா?"

"காட்டுங்கண்ணே. ரெண்டே நாள்ல திருப்பித் தரணும்."

"அதானே நம்ம பழக்கம்" என்றார்.

சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் நான் கறையைத் தேய்த்து எடுத்து, பலகையை மெருகேற்றி வைத்திருந்தேன். முதல் முறை அடித்தது வழிந்து ஓடிற்று. உரித்தேன். இரண்டாவது முறை வானம் மூடியிருந்ததைக் கவனிக்காமல் அடித்துவிட்டேன். ஈரக் காற்றில் பூச்சு பால் கலந்ததுபோல வெளுத்தது. அதையும் உரித்தேன். "அடிக்கிறதும் நீயே, உரிக்கிறதும் நீயே. வெளியாளுக்கு இங்க வேலையே இல்ல போல" என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னார். சொன்னவர் செருப்பை வெளியே விட்டிருந்தார்.

மூன்றாவது முறை நல்ல வெயில் நாளாகப் பார்த்துக்கொண்டேன். விடியும்போதே தரையை நனைத்தேன். சன்னலை அடைத்தேன். அவளுடைய தலைத்துணியை ஈரமாக்கிக் கட்டிக்கொண்டேன். மணிக்கட்டை ஆட்டாமல் தோளோடு நகர வேண்டும் என்று அவள் தனக்குத்தானே முணுமுணுப்பது நினைவிருந்தது. கன்னை எடுத்ததும் கை நின்றுவிட்டது. கேட்க ஆள் இல்லை. அதனால் நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"தொட்டீங்களா அண்ணி?"

பலகையின் நான்கு மூலையையும் பார்த்தேன். என் இரண்டு கையிலும் உறை இருந்தது.

"இல்ல" என்று சொல்லிவிட்டு விசையை அழுத்தினேன்.

அந்தப் பலகை இப்போது ஒரு வருடமாக வாசலில் இருக்கிறது. உள்கதவுகளும் வாசிப்பு மேசைகளும் எங்கள் பட்டறைக்கே வந்தன. மாதத்துக்கு இரண்டு முறை புத்தகம் மாற்றப் போகிறேன். உள்ளே நுழையும் முன் கீழ் மூலையைப் பார்ப்பேன். ஒன்றும் எழவில்லை. போன வாரம் யாரோ ஒருவர் பலகை முன் நின்று தலைவாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு, "முகம் பாக்கலாம் போல இருக்குங்க. யார் வேலை இது?" என்று கேட்டார்.

"தூசி கடை வேலைங்க" என்றேன்.