பதினொரு கடையும் ஒரு பஸ் ஸ்டாப்பும்

சப்ளையர் வந்து மேஜைக்கு முன்னால் நின்றதும் கோபிநாத் எழுந்துவிட்டான். பதினாலு வருஷப் பழக்கம். யாராவது பக்கத்தில் வந்து நின்றால் ஆர்டர் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள், உடனே பரோட்டாக் கல்லுப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அவன் உடம்பில் ஊறிப்போயிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அவன் மனைவி வேம்பு அவன் சட்டை முனையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"ஒக்காருங்க. இன்னிக்கி நாம சாப்புட வந்தவங்க."

அவன் வெட்கத்தோடு உட்கார்ந்து, ஒரு செட் பரோட்டா, பங்கு போட ரெண்டு தட்டு என்றான். சப்ளையர் ஒருமுறை இருவரையும் பார்த்துவிட்டுப் போனான். லாஸ்பேட்டை கல்லூரிச் சாலையில் அப்போது மாலை ஆறரை மணி. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், கல்லூரிகள் திறந்து மூன்றாவது வாரம். ரோடு முழுக்கப் புதுச் சட்டையும் புது நோட்டுமாகப் பையன்கள் திரிந்தார்கள்.

கோபிநாத் ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டு ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். உறவுக்காரக் குழந்தைக்குக் காது குத்து என்று முதலாளியிடம் பொய் சொல்லி இரண்டு நாள் லீவு வாங்கியிருந்தான். உண்மையான காரணம் இதே ரோட்டில் எதிர்ச்சாரியில் இருந்தது. ஜெராக்ஸ் கடை ஒன்று காலியாகி, அந்த இடம் பூட்டிக் கிடந்தது. இடத்துக்காரர் ராமலிங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பட்டாளத்துக்காரரைப் பிரெஞ்சில் சொல்வது போல, தெருவில் எல்லோருக்கும் அவர் 'சொல்தா'தான். இடம் கேட்டுப் போன அன்று அவர் வாடகையைப் பற்றிக்கூட முதலில் பேசவில்லை. இந்த ரோட்டில் ஏற்கெனவே ஒன்பது பரோட்டா கடை இருக்கிறது, நீ பத்தாவதாக வந்து யாருக்குப் போடப்போகிறாய் என்று கேட்டார். ரீசார்ஜ் கார்டு விற்கிற ஒருவனும் அந்த இடத்தைக் கேட்டிருக்கிறான், புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் யோசித்துச் சொல் என்று சாவியைக் கையில் கொடுத்து அனுப்பினார், இடத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

ஒரு முழு நாள் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டுப் பார்ப்போம் என்பது வேம்புவின் யோசனை. செவ்வாய் சாயங்காலம் தொடங்கி புதன் சாயங்காலம் வரை. படிக்கிற பிள்ளைகள் எந்த நேரத்தில் எங்கே போகிறார்கள், என்ன தின்கிறார்கள், எந்த நேரத்தில் ஒன்றும் கிடைக்காமல் நிற்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். மகள் அபியைக் கோபிநாத்தின் தங்கை சாந்தி வீட்டில் விட்டாயிற்று. வேம்புவின் பர்சில் இருநூற்றைம்பது ரூபாய். அதற்குள் முடிக்க வேண்டுமென்றால் எந்தக் கடையிலும் ஒரு தட்டுக்கு மேல் கிடையாது, பரோட்டாவைத் தவிர, சாப்பிட்டதையே மறுபடி சாப்பிடக்கூடாது. பட்ஜெட் போட்டவளும் அவள்தான். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவள் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டது இரண்டே முறை. ஒன்று கல்யாணத்துக்கு மறுநாள், இன்னொன்று அபி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று.

பரோட்டா வந்தது. கோபிநாத் ஒரு துண்டைப் பிய்த்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். பக்கத்து மேஜைப் பையன்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். மாவை இவன் ஊறவே வைக்கவில்லை, அதனால்தான் இழுக்கிறது என்று அவன் வேம்புவிடம் ரகசியமாகச் சொன்னான். அடுத்த கடையில் சால்னா தண்ணீர். மூன்றாவது கடையில் மாஸ்டர் வீசும்போது மாவு கிழிந்தது. ஒவ்வொரு கடையிலிருந்தும் வெளியே வரும்போது அவன் உயரம் கொஞ்சம் கூடியது போலிருந்தது. ஒன்பது கடையாம், இன்னும் பத்து வரட்டுமே என்றான். டி.வி.எஸ். ஃபிப்டியை உதைக்கும்போது பாட்டு வேறு முணுமுணுத்தான்.

அந்த உற்சாகத்துக்கு அடி விழுந்தது ராத்திரி ஒன்பதரைக்கு. ஆஸ்டல் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிரைடு ரைஸ் வண்டி. இரும்புச் சட்டியிலிருந்து நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பியது. சுற்றி முப்பது பையன்கள், யாரும் உட்கார இடம்கூடக் கேட்கவில்லை, நின்றபடியே ஸ்பூனால் அள்ளி அடித்தார்கள். கோபிநாத் அரைத் தட்டை வாங்கி மெதுவாக மென்றான். நன்றாக இருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. டார்ஜிலிங் பக்கத்திலிருந்து வந்த அந்த மாஸ்டர் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தட்டு இறக்கினான். வேம்பு மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய், சோயா சாஸ் எவ்வளவு ஊற்றுகிறான், முட்டை எப்போது உடைக்கிறான் என்று பார்த்துவிட்டு வந்தாள். அவள் முகம் நெருப்பு வெளிச்சத்தில் பளபளத்தது. "நானும் இத செஞ்சிடுவேங்க," என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் நள்ளிரவு இட்லி. பிறகு தூங்கிவிடக்கூடாது என்பதற்காகக் கடற்கரைக்குப் போய் ஒரு காப்பியை இரண்டாக ஆற்றிக் குடித்தார்கள். பாறையில் அலை மோதித் தெறித்தது. இந்த நேரத்துக் கடலை வேம்பு பார்த்ததே இல்லை. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, இந்த நேரத்தில் இங்கே என்ன என்று விசாரித்தார். கடைகடையாகச் சாப்பிட வந்தோம் சார் என்று கோபிநாத் சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. வேம்பு எல்லாவற்றையும் ஒப்பித்தாள், சொல்தா, சாவி, ஒரு தட்டுக் கணக்கு எல்லாம். கேட்டு முடித்தவர், நாலு மணிக்குப் பெரிய மார்க்கெட்டுப் பின்பக்கம் ஒருத்தர் பன்னைக் கல்லில் வாட்டி வெண்ணெய் தடவித் தருவார், அதை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது பொய்யில்லை. மீன் கூடைகளுக்கும் கீரைக்கட்டுகளுக்கும் நடுவே நின்றபடி அந்தப் பன்னைத் தின்றபோது வேம்புவுக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று அவன் கேட்டான். ஒன்றுமில்லை, தூக்கம் போய்விட்டது, வயிறு நிறைந்திருக்கிறது, பேச்சுக்கு நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், இதெல்லாம் சேர்ந்தால் சிரிப்பு வராதா என்றாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் வேலைக்குக் கிளம்பும்போது அவள் அபியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருப்பாள். அவன் திரும்பும்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். இத்தனை மணி நேரம் ஒன்றாக இருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவனுக்கு நினைவு வரவில்லை.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து ஒன்றரை மணி நேரத் தூக்கம். எழுந்து முகம் கழுவி, கோரிமேட்டில் டீ, லாஸ்பேட்டை மெஸ் ஒன்றில் பொங்கல், பதினொரு மணிக்கு பாலிடெக்னிக் எதிரில் சமோசா, மதியம் மாடியில் நடக்கிற ஒரு மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு. ஒரே அளவுச் சாப்பாட்டுக்கு இரண்டு இலை கேட்டபோது பரிமாறியவர் முறைத்தார். வேம்பு கூச்சப்படவில்லை. ரசம் யார் வைத்தது என்று கேட்டு அவரையே சிரிக்கவைத்துவிட்டாள்.

மாடிப்படி இறங்கும்போது கோபிநாத் முழுக் கடையையும் மனதில் கட்டி முடித்திருந்தான். பரோட்டா ராத்திரிக்கு, கூடவே ஃபிரைடு ரைஸ். கல்லை வாசலிலேயே போட்டுவிட வேண்டும், ரோட்டைப் பார்த்து. கொத்துகிற சத்தம் பெண்கள் கல்லூரி வளைவு வரைக்கும் கேட்க வேண்டும். நாலு டியூப்லைட். அபி பெயரில் போர்டு. அவன் சொல்லிக்கொண்டே வந்தான், அவள் உம் கொட்டிக்கொண்டே வந்தாள். பிறகு வண்டிக்குப் பெட்ரோல் போட அவன் போனபோது, கால் வலிக்கிறது என்று அவள் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தாள். மணி நாலு பத்து.

அவன் திரும்பி வந்தபோது அவள் நாற்பது பெண்பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தாள். சுடிதாரும் தோள்பையுமாக, வெயில் படாத இடத்தில் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்கள். ஐந்து பேர் ஒரு முறுக்குப் பாக்கெட்டைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். வேம்புவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பெயர் கலைவாணி. தவளக்குப்பத்திலிருந்து வருகிறாள், வேம்பு பிறந்த ஊருக்குப் பக்கம். காலையில் ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, டப்பாச் சோற்றைப் பன்னிரண்டு மணிக்குத் தின்று, வீடு போய்ச் சேர ஏழாகும் என்று சொன்னாள். பசிக்காதா என்று வேம்பு கேட்டாள்.

"பசிக்குங்க்கா. எங்க போயி சாப்புடறது? உள்ள போனா அத்தன பேரும் திரும்பிப் பாக்கறாங்க. பார்சல் வாங்கினா மட்டும் எங்க ஒக்காந்து திங்கறது?"

அதைச் சொல்லும்போது அவள் வருத்தப்படவில்லை, பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். பஸ் வந்தது. பாதிப் பேர் ஏறினார்கள், மீதிப் பேர் அடுத்ததற்கு நின்றார்கள்.

ஐந்து மணிக்கு இருவரும் போய் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கினார்கள். நீளமான, குறுகலான அறை. சுவரில் 'கடன் இல்லை' என்று ஒட்டிய தாள் பாதி கிழிந்து தொங்கியது. கோபிநாத் வாசலில் நின்று, கல்லு இங்கே என்று காலால் காட்டினான். வேம்பு தலையாட்டவில்லை.

நேத்து சாயங்காலத்திலிருந்து பதினொரு கடையில் சாப்பிட்டோமே, எங்கேயாவது ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். அவன் யோசித்தான். ஒவ்வொரு கடையாக நினைவில் நுழைந்து பார்த்தான். மெஸ்ஸில் ஒரு அம்மா, புருஷனோடு. கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரி. வேறு யாருமில்லை. இந்த ரோட்டில் படிக்கிறவர்களில் பாதிப் பேர் பெண்கள், அவர்களுக்கு யாருமே கடை போடவில்லை என்றாள் அவள். மத்தியானம் தொடங்கி ஏழு மணி வரைக்கும் அவர்களுக்கு, அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு. கல்லு உள்ளே போகட்டும், முன்னால் பெஞ்சு வரட்டும். வாசலில் கல்லு இருந்தால் அதைச் சுற்றி ஆம்பளைக் கூட்டம் நிற்கும், எந்தப் பெண்ணும் அதைத் தாண்டி உள்ளே வராது.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்லு உள்ளே இருந்தால் அது பரோட்டா கடையா? அவன் வீசுவதை நின்று பார்க்கத்தானே ரெட்டியார்பாளையத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர்கள் வருகிறார்கள்.

"பதினாலு வருஷமா கல்லுல நின்னவன் நான். என்ன மூலையில கொண்டு போயி ஒளிச்சி வைக்கச் சொல்றியா?" என்றான்.

வேம்பு கிழிந்து தொங்கிய தாளை முழுதாக உரித்தெடுத்துக் கசக்கினாள்.

"உங்க பரோட்டாவ நான் சூடா சாப்ட்டதே இல்லங்க," என்றாள். "இத்தன வருஷத்துல ஒரு நாளு கூட. ஆறிப்போயி பார்சல்ல வர்றதுதான். நல்லா இருக்குன்னு சொல்லுவேன். எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

அவன் வேலை செய்கிற ஓட்டலில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட ஒரு ஃபேமிலி ரூம் உண்டு. கதவில் அப்படித்தான் எழுதியிருக்கும். உள்ளே வெங்காய மூட்டையும் காலி சிலிண்டரும் அடுக்கியிருக்கும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அந்தக் கதவைத் திறந்து வெங்காயம் எடுப்பான். நேற்றிரவு மூன்று கடையில் அடுத்தவன் போட்ட பரோட்டாவைச் சூடாகத் தின்றவள், புருஷன் போட்டதைத் தின்றதில்லை. அதை அவள் குறையாகவும் சொல்லவில்லை. அவனுக்கு ஏனென்று தெரியாமல் கையெல்லாம் பரபரத்தது. இப்போதே மாவு பிசைய வேண்டும் போலிருந்தது.

வெளியே கிடந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தான். அறையின் கடைசிச் சுவரை ஒட்டித் தரையில் ஒரு வட்டம் போட்டான், இரண்டடி விட்டம். புகை போக ஜன்னலை உடைக்க 'சொல்தா' விடுவாரா என்று தானாகவே கேட்டுக்கொண்டான். பிறகு வாசல் பக்கம் வந்து பெஞ்சுகளுக்குக் கோடு இழுத்தான். ஒன்று, இரண்டு, மூன்றாவதை அழித்துவிட்டுக் குறுக்கே போட்டான்.

"இங்க ஒக்காரு," என்று அவளை ஒரு கோட்டில் உட்காரவைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடினான். டீக்கடையில் நின்றிருந்த நாலு பேருக்குப் பக்கத்தில் போய் நின்று, உள்ளே உட்காருகிறவர் அவர்கள் கண்ணில் படுவாரா என்று அங்கிருந்து கடையைப் பார்த்தான். அவள் முகம் தெரிந்தது. இடது கையை உயர்த்தி, தள்ளு என்று சைகை காட்டினான். வேம்பு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையிலேயே நகர்ந்தாள். இன்னும் என்றான். ஒரு டவுன் பஸ் குறுக்கே வந்து இருவரையும் மறைத்து நின்றது. ஜன்னலோரப் பெண்கள், ரோட்டோரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளைக் குனிந்து பார்த்தார்கள். தெருமுனையில் ராமலிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு வருவது தெரிந்தது. பஸ் நகர்ந்தது. நிழல் விழுந்திருந்த அந்த அறைக்குள் வேம்பு எங்கே இருக்கிறாள் என்று அவன் கண்ணைச் சுருக்கித் தேடினான், தூக்கிய கையை இறக்காமலே.