பின் நாற்காலிக்காரர்

என் நாற்காலியின் முதுகில் ஒரு தட்டு விழுந்தால் நான் கையைத் தூக்க வேண்டும். இரண்டு தட்டு என்றால் சும்மா இருக்க வேண்டும். எங்கள் பேரூராட்சிக் கூட்டத்தில் மூன்று வருடமாக இப்படித்தான் நடக்கிறது. தட்டுகிறவர் என் வீட்டுக்காரர் முத்தரசு. மெம்பர் நான், துர்காதேவி. பெண்கள் வார்டு என்று ஒதுக்கிவிட்டார்கள், வேறு வழியில்லாமல் என் பேரைப் போட்டார். ஆனாலும் ஊரில் யாரைக் கேட்டாலும் ‘முத்தரசு ஜெயித்தார்’ என்றுதான் சொல்வார்கள். கூத்தைப் பாருங்கள்!

அன்றைக்குக் கூட்டத்தில் கண்மாய்க் கரை ரோட்டுப் பிரச்சனை. விடியற்காலையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் விட அதைவிட நல்ல ரோடு காரைக்குடி வட்டாரத்திலேயே கிடையாது. புதுவயல் ரைஸ்மில்லுக்குப் போகிற லாரிகளுக்கும் அதுதான் குறுக்கு வழி. லாரிகளைக் கரைக்குக் கீழே உள்ள ரோட்டுக்கு இறக்கிவிட்டு, கரையைச் சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் மட்டும் விடலாம் என்று ஒரு திட்டம். ஊர் ரெண்டுபட்டுக் கிடந்தது. லாரி வைத்திருக்கும் இன்னொரு மெம்பர் மலையாண்டி அண்ணன் திட்டத்துக்கு எதிர்க்கட்சி. சைக்கிள் சங்கம் ஆதரவு. சங்கத்துக்குக் கௌரவத் தலைவர் யார் என்கிறீர்கள்? என் வீட்டுக்காரர்தான். கியர் சைக்கிள் ஒன்று வாங்கினார், போட்டோ எடுத்துக்கொண்டார். மிதித்து நான் பார்த்ததில்லை.

மிதித்தவள் நான். நானும் யூஜினியா டீச்சரும் தினம் கரையில் போவோம். நாற்பத்தாறு வயதில் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததே அவர்தான். போன தை மாதம் எங்கள் வீட்டுக்கு நேராக ஒரு லாரி அவரை ஒதுக்கித் தள்ளியது. தோள்பட்டை எலும்பு முறிந்து, வலியில் அவர் கத்திய கத்து இன்னும் என் காதில் நிற்கிறது.

அந்த இடத்தில் ஒதுங்க வழியில்லாததற்குக் காரணம் எங்கள் கார் ஷெட். கரைச் சரிவை வெட்டி என் வீட்டுக்காரர் கட்டியது. இடம் அரசாங்கத்துடையது. இப்போது திட்டத்திலும் சைக்கிள் பாதை நேராக வந்து, எங்கள் ஷெட்டைக் கண்டதும் அந்த இடத்தைக் காருக்கு விட்டுவிட்டுக் கீழே லாரி ரோட்டுக்கு இறங்கி, ஷெட்டைத் தாண்டியதும் மறுபடி கரையேறுகிறது. வரைந்தவரைச் சரிக்கட்டியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போதே கேட்டேன். “ஏங்க, அந்த வளைவை எடுக்கச் சொல்லுங்க. அதே இடத்துல இன்னொரு ஆளு விழுவாக.”

“சங்கத்துக்கு வாக்குக் குடுத்திட்டேன். நாளைக்கு நான் தட்டுனதும் தூக்கு. ஷெட்டுப் பேச்சு உனக்கு எதுக்கு? ரசத்தை ஊத்து.”

ஊற்றினேன். அவர் தலையில் ஊற்றியிருக்கலாம்.

கூட்டத்தில் மலையாண்டி அண்ணன் எழுந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார். “கரை எங்குட்டும் நேராப் போகுது. மாப்பிள்ளை வீட்டுக்கிட்ட மட்டும் ஏன் வளையுதாம்? அவரு ஷெட்டுக்குச் சாமி குடியிருக்கா? என் லாரிக்கு ஒரு சட்டம், அவரு காருக்கு ஒரு சட்டமா?”

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். “யோவ், ஓட்டுக்கு விடச் சொல்லுய்யா!”

தலைவர் ஓட்டுக்கு விட்டார். கைகள் உயர்ந்தன. ஆதரவு ஏழு. எதிர்ப்பு ஏழு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னை எங்கே பார்த்தார்கள்? எனக்குப் பின்னால் பார்த்தார்கள்.

ஒரு தட்டு விழுந்தது.

தூக்கினால் டீச்சர் விழுந்த இடத்திலேயே இன்னொருத்தரை லாரிக்கு முன்னால் இறக்கிவிடுகிறேன். தூக்காவிட்டால் கரை லாரிக்கே போய்விடும். ரெண்டும் என் வீட்டுக்காரர் கட்டிய ஷெட்டுக்காக. நான் தூக்காததைப் பார்த்து மறுபடி ஒரு தட்டு, இந்தத் தடவை நாற்காலியே ஆடியது.

நான் எழுந்தேன். “தலைவரே, எனக்குப் பின்னாடி உக்காந்திருக்கவரு எந்த வார்டு மெம்பரு?”

தலைவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். “என்னம்மா இது, அவுக உங்க வீட்டுக்காரக...”

“வீட்டுக்கு வீட்டுக்காரரு. இங்க யாரு?”

“தேவி, உக்காரு,” என்றார் என் வீட்டுக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“மெம்பரா இல்லாதவுக வெளிய போகட்டும். அப்பத்தான் நான் பேசுவேன்.”

தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டே கதவைக் காட்டினார். என் வீட்டுக்காரர் போகும்போது நாற்காலியை உதைத்த சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு பயம்.

“சைக்கிள் பாதை கரை மேலயே நேராப் போகணும். எங்க ஷெட்டை எடுத்திருங்க. அந்தத் திருத்தத்தோடன்னா என் கை உண்டு.”

மலையாண்டி அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தொடையில் அடித்துச் சிரித்தார். “தங்கச்சி சொந்த வீட்டுலயே கடப்பாரையை வைக்குது! எல்லாருக்கும் ஒரே சட்டம்னா நான் கீழ ரோட்டுலயே போறேன்யா. என் கையும் சேத்துக்கங்க!” அவர் தூக்கியதைப் பார்த்து அவர் பக்கத்து ஆட்கள் இரண்டு பேரும் தூக்கினார்கள். திருத்தத்தோடு திட்டம் நிறைவேறியது.

வெளியே வந்தால், சைக்கிள் சங்கத்தார் என் வீட்டுக்காரருக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். திட்டம் ஜெயித்த செய்தி மட்டும் அவர்களுக்குப் போயிருந்தது. “சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டீகண்ணே!” என்றார் ஒருவர். என் வீட்டுக்காரரும் சிரித்தபடி வாங்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஓரமாக, கையைத் துணியில் கழுத்தோடு தொங்கவிட்டிருந்த யூஜினியா டீச்சர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மலையாண்டி அண்ணன் படியிறங்கும்போதே, “மாப்பிள்ளை, காரை இனி எங்குட்டு நிப்பாட்டுவீக?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. முகம் கறுத்தது. அத்தனை பேர் முன்னாலும் என்னிடம் வந்தார்.

“நான் கட்டுன ஷெட்டை இடிக்க உனக்கு எவன்டி அதிகாரம் குடுத்தது?”

அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

“நீங்கதான். வீடு வீடாப் போயி, கையெடுத்துக் கும்பிட்டு, எனக்கு ஓட்டுக் கேட்டீகள்ல.”