ஊருக்கே தெரிந்த விடை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குள் சோல்ரூன் தன் கடவுச்சொல்லை ஏழு தடவை அடித்துவிட்டாள். ஏழு தடவையும் தவறு என்றது திரை. விசைப்பலகையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள். போன வாரம் தின்ற பலகாரத்தின் தூள் கொட்டியதே தவிர மெயில் திறக்கவில்லை. எட்டாவது தடவை வேறொரு வரி வந்தது: கடவுச்சொல் நேற்று மாலை மாற்றப்பட்டது. அவள் மாற்றவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஐஸ்லாந்தின் அந்தச் சின்ன மீன்பிடி ஊரின் ஊராட்சி அலுவலகத்தில் அவள் தலைக்கு மேலேயே ஒரு அறிவிப்பு தொங்கியது. கணக்குகளைத் திருடர்களிடமிருந்து காப்பது எப்படி என்று அவளே எழுதி, அவளே பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியது. ஊரில் எத்தனை பேரை நிற்க வைத்துத் திட்டியிருப்பாள்! நாய்க்குட்டி பெயரைக் கடவுச்சொல்லாக வைத்ததற்காகத் தபால்காரர் ஒத்தூரை ஒரு மாதம் கேலி செய்தவள் அவள்.

ஆனால் அவளுடைய அந்தப் பழைய மெயில் எந்த அறிவிப்புக்கும் முந்தையது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மகளுக்கு நாலு வயதிருக்கும்போது, யாருக்கும் சொல்லாமல் திறந்தது. அதில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு மனிதருடன் நடந்த கடிதப் போக்குவரத்து. ஆண்டுக்கு ஒரு தடவை, மகள் வியேதிஸின் பிறந்தநாளன்று, பிள்ளை எப்படி வளர்கிறாள் என்று சோல்ரூன் எழுதுவாள். அவர் இரண்டு வரி பதில் போடுவார். வியேதிஸைப் பெற்றது அவர்தான். மகளுக்கு அது தெரியாது. ஊர்ப் பதிவேட்டிலும், நாட்டில் எல்லாருடைய வம்சத்தையும் இணையத்தில் காட்டும் பரம்பரைப் பட்டியலிலும் அவள் எகிலின் மகள். சோல்ரூனின் கணவன் எகில், இழுவலைக் கப்பலில் இன்ஜின் பார்ப்பவன்; அவனுக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கரைக்கு வருவான்.

அலுவலகத்தில் கணினி விவகாரம் தெரிந்தவள் ஸ்டெய்ன்வோர். வேறு வழியில்லாமல் அவளிடம் போனாள். கடவுச்சொல் மறந்தால் கேட்கும் ரகசியக் கேள்வி என்ன என்றாள் ஸ்டெய்ன்வோர். அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் என்றாள் சோல்ரூன்.

"இங்க எவடி கல்யாணத்துக்கு அப்புறம் பேரை மாத்துறா?"

"அதான் அம்மா பேரை அப்படியே போட்டுட்டேன்."

ஸ்டெய்ன்வோர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். "நல்ல பூட்டு போட்ட போ. உங்கம்மா பேரு பழைய டெலிபோன் புத்தகத்துல இருக்கு, கல்லறையில செதுக்கியிருக்கு, பரம்பரைப் பட்டியல்ல உன் பேரைத் தட்டினா அடுத்த வரியில வந்து நிக்குது. ஐஸ்லாந்து பூராவும் உன் வீட்டுச் சாவியை வச்சிருக்கு."

எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து அந்தக் கேள்வியை எழுதியவனுக்கு இது தெரியாது, சரி. இவளுக்குமா தெரியாமல் போனது? அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று ஸ்டெய்ன்வோர் கேட்டதற்குச் சமையல் குறிப்பு என்று சொல்லி வைத்தாள். மெயில் கம்பெனிக்கு விண்ணப்பம் போனது. ஐந்து வேலை நாளில் பதில் தருவார்களாம். வெள்ளிக்கிழமைக்கு இருந்ததோ மூன்று நாள்.

அதற்குப் பிறகு சோல்ரூனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்; அத்தனை பேருக்கும் அவள் அம்மாவைத் தெரியும். வழக்கம்போல நீச்சல் குளத்துச் சுடுநீர்த் தொட்டிக்குப் போனாள், கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு முகத்தையும் துருவினாள். ஒத்தூர் சாதாரணமாக வியேதிஸ் ஊர்ப்பக்கம் வந்து நாளாயிற்றே என்றார். நாய்க்குட்டிப் பழி தீர்க்கிறாரா? அவர் புருவத்தை உயர்த்தியது ஏன்? கண்ணில் சோப்பு பட்டிருக்கலாம். ஐந்து நிமிஷத்தில் எழுந்து, தலை துவட்டாமல் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

புதன்கிழமை ஊர் வாட்ஸ்அப் குழுவை மணிக்கு இருபது தடவை திறந்தாள். காணாமல் போன கையுறை, சனிக்கிழமை மீன் விருந்து, யாரோ ஒருவரின் ஆடு. அவள் கடிதம் இல்லை. கோப்பையைக் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். துறைமுகம் வரை நடந்து, அங்கே எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். மத்தியானம் கடலிலிருந்து எகில் கூப்பிட்டான். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டான். காற்று என்றாள். வீட்டுக்குள்ளேயா என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டியது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தினமும் சடை பின்னிவிட்டவன் அவன். அவன் காதில் இது யார் வாயிலிருந்தாவது விழுந்தால் தான் உயிரோடு இருந்து பயனில்லை என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை காலை, அவள் அலுவலகத்துக்குக் கோட்டு மாட்டும்போது ரெய்க்யாவிக்கிலிருந்து வியேதிஸ் அழைத்தாள்.

"அம்மா, உன் மெயிலைத் தேடிட்டு இருக்கியா?"

சோல்ரூன் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றாள்.

"நான்தான் எடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப உன் போன்ல அந்த அட்ரஸைப் பார்த்தேன். பாட்டி பேரைக் கேட்டுச்சு, போட்டேன்."

"ஏன்டி?"

"கேட்டேன்ல? மூஞ்சியைப் பார்த்து கேட்டேன்ல?"

கேட்டாள்தான். போன வருஷம் வியேதிஸ் ஒரு குழாயில் எச்சில் துப்பி மரபணுச் சோதனைக்காக வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினாள். ஊர் பேர் தெரியாத ஒரு பெண் உன் ஒன்றுவிட்ட சகோதரி என்று முடிவு வந்தது. பரம்பரைப் பட்டியலில் அந்தப் பெண் எட்டாவது தலைமுறையில்தான் சேர்ந்தாள். கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது இதைச் சொன்னபோது, ஆய்வகத்தில் குழாயை மாற்றிவிட்டார்கள் என்று சோல்ரூன் சிரித்தாள். எகிலும் கூடச் சிரித்தான்.

எத்தனை கடிதம் படித்தாய் என்று கேட்டாள். ஒன்றே ஒன்று என்றாள் மகள். முதல் கடிதம். அதற்கு மேல் படிக்கக் கை வரவில்லையாம். திங்கட்கிழமையிலிருந்து அம்மா கூப்பிடுவாள், சொல்வாள் என்று காத்திருந்தாளாம்.

"திருடன் எவனோன்னு நினைச்சேன்," என்றாள் சோல்ரூன்.

"திருடனைத் தேடின. என்னைத் தேடல."

சோல்ரூன் செருப்பு வைக்கும் பெட்டி மேல் உட்கார்ந்தாள். எகிலுக்குத் தெரிந்தால் என்று ஆரம்பித்தாள்.

"அப்பாவை இதுல இழுக்காத. அப்பா அப்பாதான். அவர்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் பாடு. என்கிட்ட சொல்லணும், அவ்வளவுதான்."

"உனக்குத்தான் தெரிஞ்சிடுச்சே."

"படிச்சது வேற. புது பாஸ்வேர்டு அந்த ஆளோட பேருதான். நீ அடிச்சா மெயில் திறந்துக்கும், கடிதமெல்லாம் உன்னோடது, நான் திரும்பத் தொடமாட்டேன். ஆனா முதல்ல வாயால சொல்லு. நீ சொல்லி நான் கேக்கணும்."

இருபத்தேழு வருஷம் அந்த வீட்டுச் சுவர்களுக்குள் யாரும் உச்சரிக்காத பெயர் அது. ஜன்னலுக்கு வெளியே ஒத்தூர் தபால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் தாண்டும்வரை சோல்ரூன் வாயைத் திறக்கவில்லை. மறுமுனையில் வியேதிஸ் அவசரப்படுத்தவில்லை.

"ஹாக்கோன்," என்றாள் சோல்ரூன்.

பிறகு, சின்ன வயதில் பயந்துபோய்ப் பேசும் அதே குரலில், "இன்னொரு தடவை சொல்லும்மா," என்றாள் மகள்.

சொன்னாள்.