முனியசாமியின் தோள்

ஆகஸ்ட் மாதத்தில் அரபு நாட்டு ஜுபைலின் இரும்பு விடியற்காலையிலும் ஆறுவதில்லை. நாலரை மணிக்கே சாரக் குழாய்களை வலத்தோளில் ஏற்றி, ஆலைக் கோபுரத்தின் மேல்தட்டுக்குக் கொண்டுபோவான் கமுதிக்காரன் முனியசாமி. ஆனால் கம்பெனி அவனை எடுத்தது பந்து வீசுவதற்காக. ஊர்க் கிரிக்கெட் போட்டியில் அவன் வேகத்தை வீடியோவில் பார்த்துத்தான் மேனேஜர் விஜயபாஸ்கர் விசா அனுப்பினார்.

ஆறு நாள் குழாய், வெள்ளிக்கிழமை பந்து. நான்கு வருடத்தில் மூன்று கோப்பைகள் மேனேஜர் அறைக்குப் போயின. வெள்ளிக்கிழமை அவனைத் தூக்கிக் கொண்டாடுவார்கள். சனிக்கிழமை குழாயும் அவனும்தான்.

போன மாதம் மேல்தட்டிலிருந்து ஒரு குழாய் நழுவியது. கீழே ஆட்கள். விட மனமில்லாமல் ஒற்றைக் கையால் இழுத்துப் பிடித்தான். தோளுக்குள் ஏதோ கிழிந்தது. அந்த வெள்ளிக்கிழமையும் தோளில் வலி மருந்தடித்து, "நாலு ஓவர் போடு, போதும்" என்றார் மேனேஜர். மூன்றாவது பந்தில் கை தொங்கிப்போனது.

"விளையாட்டுல அடிபட்டா கம்பெனி பொறுப்பில்ல. ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு" என்றார் பிறகு.

எல்லோரும் டூட்டிக்குப் போனபின் எட்டுக் கட்டில் அறையில் அவன் மட்டும் கிடந்தான். இடக்கையால் சோற்றை அள்ளத் தெரியாமல் சிந்தினான். ஊரிலிருந்து மனைவி சரோஜா வீடியோ போனில் வந்தாள். முகத்தை மட்டும் காட்டினான்.

"சாப்டீகளா?"

"ம்ம்."

டிக்கெட் நாளுக்கு முந்தின விடியலில் ஆபீஸ் வாசலில் சத்தம் கேட்டு வந்து பார்த்தான். பத்துப் பேர் நின்றிருந்தார்கள். முன்னால் விக்கெட் கீப்பர் ஹபீப் முகம்மது.

"என்ன கூட்டம்? யல்லா, சீக்கிரம் பஸ் ஏறுங்க!" என்றார் மேனேஜர்.

"முனியசாமி தோளு குழாயப் புடிச்சதுல போச்சு சார். நாங்க கண்ணால பாத்தோம்."

"ரிப்போர்ட்ல கிரிக்கெட்னு இருக்கு."

"அப்ப மாத்தி எழுதுங்க. அவன ஆஸ்பத்திரிக்கு அனுப்புற வரைக்கும் சாரத்துல ஏற மாட்டோம். வெள்ளிக்கிழமை பைனலும் கிடையாது."

"எல்லாரையும் ஊருக்கு ஏத்திருவேன். பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"ஹபீப் முகம்மது."

பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள்.

"உமாபதி."

"மணிமாறன்."

"செய்கு முகம்மது."

ஏழாவது பேரில் மேனேஜரின் பேனா நின்றது. "நாளைக்குப் பேசலாம், போங்க."

"இங்கனயே இருக்கோம் சார்."

தரையில் உட்கார்ந்தார்கள். முனியசாமி தள்ளியே நின்றான். "எனக்காக வேணாம்ணே. ஒங்க பொழப்பும் போயிரும்."

"ஒனக்காக மட்டும்னு யாருப்பா சொன்னா? இன்னைக்கு ஒன் தோளு, நாளைக்கு என் காலு. வா, உக்காரு." ஹபீப் நகர்ந்து இடம் விட்டார்.

அவர்களுக்கு நடுவில் அவன் உட்கார்ந்தான். வெயில் ஏறியது. ஆள் ஏறாத பஸ் வாசலில் உறுமிக்கொண்டே நின்றது.