அறைக்குள் கேட்ட பாட்டு

செனாய் தொழிற்பேட்டையில் மின்கருவிகளைச் சோதித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் சுபத்திராவுக்குப் பதினோரு வருட வேலை. அவள் பொறுப்பில் இருந்தது ஓர் இரும்பு அறை. சுவர், கூரை, தரை எல்லாம் தகடு; கதவு விளிம்பைச் சுற்றிச் செம்புப் பட்டைகள். கதவை மூடிவிட்டால் வெளியே உலவும் எந்த மின்காந்த அலையும் உள்ளே வராது. உள்ளே வைத்த கருவி தானாக எவ்வளவு அலையைக் கசியவிடுகிறது என்று அப்போதுதான் சரியாக அளக்க முடியும்.

அந்த அறையில், வேறொரு கம்பெனியின் வடிவமைப்பாளரான ரூபேந்திரனின் கருவி மூன்று முறை தோற்றிருந்தது. தூங்கும் கைக்குழந்தையின் மூச்சைக் கண்காணிக்கும் கருவி அது. ஒவ்வொரு முறையும் திரையில் ஒரே இடத்தில், அனுமதித்த அளவைத் தாண்டி, கூர்மையாக ஒரு கோடு எழும். மனிதர் எட்டு நாளாக உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையைக் கழற்றுவதும் மாற்றுவதுமாக இருந்தார்.

"இன்னொரு தடவை பாத்துருங்க சுபத்திரா," என்றார் நான்காவது முறை கொண்டுவந்தபோது. அவர் கண்கள் சிவந்திருந்தன. "இதுலயும் போச்சுன்னா டிசைனையே தூக்கிப் போடச் சொல்லிட்டாரு பாஸ்."

கோடு எழுந்தது. அதே இடம், அதே உயரம்.

அந்த உயரம்தான் அவளை உறுத்தியது. இத்தனை மாற்றியும் துளிகூட அசையவில்லையே! கருவிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினாள். திரையில் மற்ற கோடுகளெல்லாம் அடங்கின. அந்தக் கோடு மட்டும் அப்படியே இருந்தது.

"இது உங்களுது இல்ல," என்றாள்.

"அப்புறம் யாருது?"

"தொண்ணூத்தெட்டு மெகாஹெர்ட்ஸ். எஃப்எம் ரேடியோ வர்ற எடம்லா இது."

காவலாளியிடம் ஒரு சின்ன வானொலியை வாங்கிக்கொண்டு இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். வெறும் இரைச்சல்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் மெல்லிசாக ஒரு தமிழ்ப் பாட்டு கேட்டது.

முதலில் கதவைச் சந்தேகித்தாள். செம்புப் பட்டைகளைத் துடைத்தாள், வளைந்திருந்த ஒன்றை நிமிர்த்தினாள். பாட்டு நிற்கவில்லை. ரூபேந்திரன் காற்று வரும் சன்னலைக் காட்டினார். தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான துளைகள்.

"இவ்ளோ ஓட்டை இருக்கே, இது வழியா வராதா?"

"அந்த அலை மூணு மீட்டர் நீளம். இந்த மாதிரி சின்னக் குழாய்ல நொழைஞ்சா கொஞ்ச தூரத்துலயே அடங்கிரும்."

சொன்னதோடு விடாமல் வானொலியை அங்கே பிடித்துப் பார்த்தாள். சத்தம் கூடவில்லை. சுவரோரமாக நடந்தாள். மூலைக்குப் போகப் போகப் பாட்டு தெளிவானது. அங்கே கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குழாய். காற்றுக்குழல் போவதற்காக வைத்தது. அதன் வழியே மெல்லிய ஒயர் ஒன்று உள்ளே வந்திருந்தது.

சுபத்திராவுக்கு முகம் சூடானது. பத்து நாளைக்கு முன், அறை புழுங்குகிறதே என்று வெப்பமானி ஒயரைச் செருகியது அவளேதான். வெளியே தொங்கிய நீளம் அலையைப் பிடித்து, குழாய் வழியே உள்ளே கொண்டுவந்து விட்டிருக்கிறது. ரூபேந்திரன் இன்னும் சன்னலடியில்தான் குனிந்திருந்தார். சத்தமில்லாமல் உருவிவிட்டால் யாருக்கும் தெரியாது.

"இங்க வாங்க," என்றாள். "இந்த ஒயரு நான் போட்டது."

அவர் வந்து ஒயரைத் தொட்டுப் பார்த்தார். "எட்டு நாளு," என்றார்.

"ஆமா. உங்க பாஸ்கிட்ட நானே சொல்றேன்."

"இழுங்க பாப்போம்."

இழுத்தாள். பாட்டு பாதி வரியில் அறுந்து இரைச்சலானது.

"திரும்ப விடுங்க."

பாட்டு வந்தது. அவர் முகத்தில் இருந்த கடுப்பு மெல்ல இளகியது. "இந்த ஒயரோட தோலை உரிச்சுக் கொழாய்ல ஒட்ட வச்சா?"

அதை அவள் செய்து பார்த்ததே இல்லை. கத்தியால் சீவி, வெற்றுக் கம்பியைக் குழாயின் வாயோடு அழுத்தினாள். ஒயர் உள்ளேயே இருந்தது. பாட்டு மங்கிக் கிட்டத்தட்ட காணாமல் போனது. அலை கம்பியிலிருந்து இறங்கிச் சுவரோடு போய்விட்டது. இருவரும் அரை மணி நேரம் ஒட்டியும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒயரை உருவிவிட்டு மறுபடி சோதித்தபோது கருவி தேறியது. ரூபேந்திரன் போய் முதன்முதலில் செய்த பலகையை எடுத்து வந்தார். அதுவும் தேறியது.

"நான் ஒண்ணுமே மாத்தியிருக்க வேண்டாம்," என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை.

முந்தைய மூன்று அறிக்கைகளும் செல்லாது என்று எழுதி, காரணத்துக்குக் கீழே சுபத்திரா தன் பெயரைப் போட்டாள். ரூபேந்திரனின் பாஸ் அவளைக் கால் மணி நேரம் திட்டினார். மறுநாளிலிருந்து, கருவி எதையும் வைக்கும் முன் காலி அறையை ஒரு தடவை அளந்து பார்ப்பது அவளுக்கு வழக்கமானது.