மேல்கோடும் கீழ்கோடும்

காலை ஐந்துக்கு எழுந்திருப்பேன். பால் புட்டிகளை வெந்நீரில் போட்டு எடுப்பேன். சவரம், குளியல், இரண்டு இட்லி. ஆறரைக்குக் கீழ்க்கட்டளையில் பஸ். பல்லாவரத்தில் ரயில். கிண்டியில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை.

நான் போன பிறகு மாமியார் கங்கையம்மாள் குழந்தையை முனிரத்தினத்தின் அரிசிக்கடைக்குத் தூக்கிப்போவார். தராசில் நிறுத்து, எடையைச் சீட்டில் எழுதி வாங்கி வருவார். மாலையில் சீட்டு என் கைக்கு வரும்.

குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். மறுநாள் என் மனைவி காந்திமதி இறந்துபோனாள். 1987 டிசம்பர். இரண்டு வாரம் கழித்துத் தாம்பரத்து டாக்டரம்மா மூன்று வாரம் கெடு வைத்தார். எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டும். அப்படிப் போட்ட குழந்தைகளில் எத்தனை வீடு திரும்பும் என்று நான் கேட்கவில்லை.

கெடுவுக்கு முதல் நாள் மாலை இருபது சீட்டுகளையும் கிராஃப் தாளில் குறித்தேன். இரண்டு கிலோ நூறு. மறுநாள் நூற்றைம்பது கிராம் குறைவு. அதற்கு மறுநாள் மறுபடி மேலே. முதல் பத்து நாள் சராசரியும் அடுத்த பத்து நாள் சராசரியும் ஏறக்குறைய ஒன்று. குழந்தையின் எடை ஏறவில்லை.

வேலையில், அளக்கும் கருவியின் முள் தாளில் ஆடி ஆடி வரைந்த கோட்டுக்குச் சராசரியை மட்டும் நம்பமாட்டோம். உச்சிகளைத் தொட்டு ஒரு கோடு, பள்ளங்களைத் தொட்டு ஒரு கோடு இழுப்போம். என்வலப் என்போம். இழுத்தேன். மேல்கோடு ஏறியது. கீழ்கோடும் ஏறியது. நடுவே ஒரு புள்ளிகூட இல்லை, இரண்டு விதமாக நிறுத்ததுபோல. முதல் நாட்களின் புள்ளிகள் மேல்கோட்டை ஒட்டியிருந்தன. பொங்கல் நெருங்க நெருங்கக் கீழ்கோட்டில் குவிந்திருந்தன.

தினமும் ஒரே மாதிரிதான் நிறுத்தீர்களா என்று மாமியாரிடம் கேட்டேன்.

"கூட்டம் இல்லாங்காட்டி பால் குடுத்து, துணியோட வைப்பேன். கூட்டம் கீற அன்னிக்கு வெறும் வயிறு, வெறும் உடம்பு. முனிரத்தினம் தொண்டை கிழிய வெயிட்ட கத்துறான் மாப்ள. அத்தினி பேர் கண்ணும் படணுமா?"

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க எங்க கேட்டீங்க? சீட்ட வாங்கி பாக்கெட்ல போட்டுகினு போய்டுவீங்க."

பொங்கல் அரிசி வாங்க ஊரே அந்தக் கடையில்தான் நின்றிருந்தது; கடைசி நாட்களின் சீட்டெல்லாம் பெரும்பாலும் வெறும் உடம்பின் எடை.

மறுநாள் டாக்டரம்மா தன் தராசில் நிறுத்தார். தாளையும் பார்த்தார். குழாய் வேண்டாம் என்றார். திரும்பும் பஸ்ஸில், குழந்தை மாமியார் மடியில் இருக்க, நான் வாய் திறந்தபடி தூங்கியிருக்கிறேன். ஐந்து வாரத்தில் முதல் தூக்கம்.

காந்திமதி கடைசியாகக் குழந்தையை என் கையில் ஒப்படைத்து ஏதோ சொன்னதாகச் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுத்ததில்லை. அப்போது அவள் கண் மூடியிருந்தது. அவள் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்; அதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. நர்ஸை விசாரிக்க வெளியே போனேன்.

"பாப்பா வெயிட் எவ்ளோன்னு சொன்னாங்க?"